ஐரோப்பிய ஆமைகளுக்குச் சரியான பெயர் எழுதுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஆமைப் படம் ஒன்று வந்து சேரும். அதன் கீழே யாரோ எப்போதோ எழுதிய பெயர் ஒன்றும் இருக்கும். கலைக்களஞ்சியத்துக்கோ, சிறுவர் அறிவியல் இதழுக்கோ அதைத் தமிழில் குறிப்பாக்கித் தர வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். 'கிரேக்கா' என்று இருந்தால் கிரீஸ் நாட்டு ஆமை என்று எழுதிவிடுகிறார்கள். 'ஐபெரா' என்று இருந்தால் ஸ்பெயின் என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டாவது தவறை நானே செய்து, அச்சான பிறகு பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். பெயர் கடைசியில் வர வேண்டியது. கீழே உள்ள வரிசையின் நோக்கமே அதுதான்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, படங்கள். மேலிருந்து எடுத்த ஒரு படம் மட்டும் போதாது. ஓட்டின் அடிப்பக்கம் தெரியும் படம், பின்னாலிருந்து வாலும் தொடையும் தெரியும் படம், இரண்டும் தேவை. ஐரோப்பியத் தரை ஆமைகளைப் பிரித்துக் காட்டும் அடையாளங்கள் பெரும்பாலும் பின்பக்கத்திலும் அடியிலும்தான் இருக்கின்றன.

இரண்டாவது, படம் எடுத்த இடம். 'ஐரோப்பா' என்பது இடமாகாது. நாடு, மாவட்டம், தீவானால் தீவின் பெயர் என்ற அளவுக்காவது வேண்டும்.

மூன்றாவது, பெயர் எழுதப்பட்ட ஆண்டு. இதை யாரும் கேட்டு வைப்பதில்லை. ஒரே பெயர் 1980-இல் ஒரு விலங்கையும் இன்று வேறொரு விலங்கையும் குறிக்கலாம். ஏன் என்பது ஏழாம் பகுதியில் வருகிறது.

நான்காவது, இன்றைய பெயர்ப் பட்டியல் ஒன்று. ஆமை வகைப்பாட்டுப் பணிக்குழு வெளியிடும் உலக ஆமைப் பட்டியலின் 2021 பதிப்பை நான் வைத்திருக்கிறேன். வேறு பட்டியலை வைத்துக்கொண்டாலும் தவறில்லை. ஆனால் ஒரு வேலை முழுவதற்கும் ஒரே பட்டியல்தான். பாதியில் மாற்றினால் ஒரே கட்டுரையில் ஒரே ஆமை இரண்டு பேரினங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

2. தரையா, நன்னீரா, கடலா?

தமிழில் எல்லாமே ஆமைதான். ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளிலும் ஒரே அடிச்சொல்தான். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் மூன்று வாழிடங்களுக்கும் மூன்று சொற்கள் உண்டு, அமெரிக்க ஆங்கிலத்தில் அந்தப் பிரிவினை அவ்வளவு கறாராக இல்லை. எனவே மூலத்தில் உள்ள பொதுச்சொல்லை நம்பி வாழிடத்தை எழுதாதீர்கள். காலைப் பாருங்கள். யானைக்கால் போல உருண்டு திரண்டிருந்தால் தரை ஆமை. விரல்களும் இடையில் சவ்வும் தெரிந்தால் நன்னீர் ஆமை. துடுப்பானால் கடலாமை.

இதை முதலில் செய்வதற்குக் காரணம், இந்த ஒரு படியிலேயே குடும்பம் கிட்டத்தட்ட முடிவாகிவிடுகிறது என்பதுதான். ஐரோப்பியத் தரை ஆமைகள் எல்லாம் டெஸ்டுடினிடே குடும்பம். நன்னீரில் இரண்டு குடும்பங்கள்: எமிடிடே, ஜியோஎமிடிடே. பழைய நூல்களில் 'படகுரிடே' என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், இன்றைய ஜியோஎமிடிடேயைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள்.

3. இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுதாக நம்பாதீர்கள்

ஓட்டைப் பார்க்கும் முன்பே இடத்தை எழுதிவைப்பது ஏனென்றால், சில ஆமைகளை ஓட்டைப் பார்த்துப் பிரிக்கவே முடியாது. சிசிலித் தீவின் குளத்து ஆமையை 2005-இல் மரபணுச் சான்றை வைத்துத் தனிச் சிற்றினமாகப் பிரித்தார்கள். எமிஸ் டிரினாக்ரிஸ் என்பது பெயர், டிரினாக்ரியா சிசிலியின் பழம்பெயர். பக்கத்தில் இத்தாலிய நிலப்பரப்பில் இருப்பது எமிஸ் ஆர்பிகுலாரிஸ். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டில் எது என்று சொல்கிறவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், மனிதர்கள் ஆமைகளைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். சார்டினியாவில் விளிம்பு ஆமை (டெஸ்டுடோ மார்ஜினாட்டா) இருக்கிறது. அது கிரீசுக்கு உரியது, முன்னொரு காலத்தில் மனிதர்கள் கொண்டுவந்து விட்டது. சார்டினியாவைச் சேர்ந்தது என்பதால் அதற்கு 'சார்டா' என்று ஒரு துணையினப் பெயர்கூடச் (சிற்றினத்துக்குள் வரும் பிரிவின் பெயர்) சூட்டினார்கள், அது நிலைக்கவில்லை. நகரப் பூங்காக் குளங்களில் வெயில் காயும் ஆமைகளில் பல அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஆகவே இடம் ஒரு சாட்சிதான், தீர்ப்பு அதன் கையில் இல்லை.

4. தரை ஆமையைப் பின்பக்கமாகத் திருப்புங்கள்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்.

வால் நுனியைப் பாருங்கள். நகம் போன்ற ஒரு கொம்பு முனை இருந்தால் டெஸ்டுடோ ஹெர்மன்னி. பிறகு தொடைகளைப் பாருங்கள். வாலின் இருபுறமும் தொடையில் ஒவ்வொரு கூம்பு முள் துருத்திக்கொண்டிருந்தால் டெஸ்டுடோ கிரேக்கா. இரண்டும் இல்லாமல், ஓட்டின் பின்விளிம்பு பாவாடை விரிந்தது போல் வெளியே விரிந்திருந்தால் டெஸ்டுடோ மார்ஜினாட்டா. அதன் அடியோட்டில் முக்கோணக் கறுப்புத் திட்டுகளும் இருக்கும்.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். புதியவர்கள் முதலில் வாலுக்கு மேலுள்ள தகட்டைப் பார்க்கிறார்கள். ஹெர்மன்னியில் அது இரண்டாகப் பிளந்திருக்கும், கிரேக்காவில் ஒன்றாக இருக்கும் என்று எங்கோ படித்திருப்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் இரு பக்கமும் விதிவிலக்குகள் உண்டு. தகட்டைத் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி, குஞ்சுகள். விளிம்பு ஆமையின் குஞ்சுக்கு விளிம்பு விரிந்திருக்காது, அது வளர வளர வருவது. உள்ளங்கையளவு ஆமையை வைத்துக்கொண்டு 'விளிம்பு விரியவில்லை, எனவே மார்ஜினாட்டா இல்லை' என்று எழுதிவிடக் கூடாது.

முன்காலில் நான்கே நகங்கள் இருந்தால் அது மத்திய ஆசியாவின் ஹார்ஸ்ஃபீல்டு ஆமை. ஐரோப்பிய வீடுகளில் வளர்ப்பு விலங்காக ஏராளமாக இருப்பதால் படத்தொகுப்புகளில் அடிக்கடி புகுந்துவிடும்.

5. நன்னீரிலும் கடலிலும்

கறுத்த ஓட்டிலும் கழுத்திலும் மஞ்சள் புள்ளிகள், அடியோட்டின் குறுக்கே அசையும் கீல். இவை இருந்தால் எமிஸ். கழுத்தில் நீளக் கோடுகள் ஓடி, கீல் இல்லாமல் இருந்தால் மௌரெமிஸ். மௌரெமிசில் இடம் பேசும்: ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்சின் தென்முனை என்றால் மௌரெமிஸ் லெப்ரோசா, பால்கன் பகுதி என்றால் மௌரெமிஸ் ரிவுலாட்டா.

பழைய நூல்களில் பால்கன் ஆமை 'மௌரெமிஸ் காஸ்பிகா' என்று இருக்கும். அதற்கும் முந்தைய நூல்களில் 'கிளெம்மிஸ் காஸ்பிகா'. அப்போது ரிவுலாட்டாவைக் காஸ்பிகாவின் துணையினமாக வைத்திருந்தார்கள், பிறகு தனியாகப் பிரித்தார்கள். இன்று காஸ்பிகா என்றால் காக்கேசியா, ஈரான் பக்கத்து ஆமை. வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992-ஆம் ஆண்டு வாழிடப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் காஸ்பிகா என்ற பெயரே அச்சாகியிருக்கிறது. சட்டத்தை மேற்கோள் காட்டும்போது சட்டத்தில் உள்ள பெயரையே எழுதி, பக்கத்தில் இன்றைய பெயரைக் கொடுங்கள். சட்டத்தைத் திருத்துவது நம் வேலை இல்லை.

கண்ணுக்குப் பின்னால் சிவப்புத் தீற்றல் இருந்தால் அமெரிக்காவின் செங்காது ஆமை, டிராக்கெமிஸ் ஸ்கிரிப்டா எலெகன்ஸ். துணையினப் பெயரை அலட்சியமாக விட்டுவிடுபவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த எலெகன்ஸ் துணையினத்தின் இறக்குமதியைத்தான் நிறுத்தியது. வணிகர்கள் அதே சிற்றினத்தின் மற்றத் துணையினங்களை விற்கத் தொடங்கினார்கள். 2016-இல் அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் ஸ்கிரிப்டா சிற்றினம் முழுவதையும் சேர்த்தார்கள். ஒரு சொல் கூடுதலாக இருந்ததால் திறந்திருந்த கதவு அது.

கடலாமைகளில் சிக்கல் குறைவு. கிரீசின் ஜாகிந்தோஸ் தீவுக் கடற்கரையில் முட்டையிடுவது கரெட்டா கரெட்டா, அதாவது நம் பெருந்தலை ஆமை. சைப்ரசில் அதோடு கெலோனியா மைடாஸ் என்ற பேராமையும் முட்டையிடுகிறது. முதுகில் வரம்புகள் ஓடும் ஏழுவரி ஆமை மத்தியதரைக் கடலுக்கு வந்து போகும் விருந்தாளி. இவற்றுக்கு நம் கடற்கரையில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது, ஆங்கிலத்திலிருந்து புதிதாக மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

6. இப்போது மூலத்தில் உள்ள பொதுப்பெயரைப் பாருங்கள்

ஆமையை நாமே அடையாளம் கண்ட பிறகுதான் மூலத்தின் பெயரைப் பார்க்க வேண்டும். முன்பே பார்த்தால் கண் அந்தப் பெயருக்கு ஏற்றபடி பார்க்கத் தொடங்கிவிடும்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஜெர்மன் நூல் ஒன்றிலிருந்து படக்குறிப்பு மொழிபெயர்த்திருந்தார். வடக்கு கிரீசில் எடுத்த படம். 'கிரேக்கத் தரை ஆமை' என்று சரியாகவே மொழிபெயர்த்து, அறிவியல் பெயராக டெஸ்டுடோ கிரேக்கா என்று சேர்த்திருந்தார். "அண்ணா, தொடையில் முள் இருக்கும் என்றீர்களே, இதில் எங்கே?" என்று அவரே கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். முள் இல்லை. வால் நுனியில் கொம்பு பளிச்சென்று தெரிந்தது. ஹெர்மன்னி.

ஜெர்மன் மொழியில் 'கிரேக்கத் தரை ஆமை' என்பது ஹெர்மன்னியின் பெயர். கிரேக்கா சிற்றினத்தை அவர்கள் 'மூரிய ஆமை' என்கிறார்கள். ஆங்கிலத்தில் 'கிரேக்க ஆமை' என்றால் கிரேக்கா. ஸ்பானிய மொழியில் கிரேக்காவை 'மூரிய ஆமை' என்றும் ஹெர்மன்னியை 'மத்தியதரை ஆமை' என்றும் சொல்கிறார்கள். ஒரே பொதுப்பெயர் மொழிக்கு மொழி ஆளை மாற்றுகிறது. ஆகவே பொதுப்பெயரிலிருந்து அறிவியல் பெயருக்குத் தாவாதீர்கள்.

அறிவியல் பெயரின் பொருளையும் நம்பாதீர்கள். லின்னேயஸ் 1758-இல் கிரேக்கா என்று பெயரிட்டது வட ஆப்பிரிக்க ஆமைக்கு. பால்கன் பகுதியிலும் துருக்கியிலும் வாழும் துணையினமான ஐபெராவின் பெயர், காக்கேசியாவில் இன்றைய ஜார்ஜியா இருக்கும் பகுதியின் பழம்பெயரான ஐபீரியாவிலிருந்து வந்தது. ஸ்பெயினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஸ்பெயினின் முர்சியா, அல்மேரியா பக்கம் கிரேக்கா சிற்றினம் வாழ்வது உண்மைதான், ஆனால் அது ஐபெரா இல்லை. நான் விழுந்த குழி இதுதான்.

7. பெயர் எந்த ஆண்டைச் சேர்ந்தது?

ஹெர்மன்னியை வைத்தே பார்ப்போம், இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஐரோப்பாவின் மேற்கில் ஒரு வடிவம், கிழக்கில் பால்கன் பகுதியில் இன்னொரு வடிவம். 1952-இல் வெர்முத் என்பவர், முதன்முதலில் பெயர் பெற்றது கிழக்கு வடிவம்தான் என்று கருதி, மேற்கு வடிவத்துக்கு 'ராபர்ட்மெர்டென்ஸி' என்று புதுப் பெயர் வைத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் எல்லாரும் அப்படியே எழுதினார்கள். 1987-இல் ரோஜே பூர் என்ற பிரெஞ்சு ஆமை ஆய்வாளர், ஸ்ட்ராஸ்பூர் அருங்காட்சியகத்தில் இருந்த மூலமாதிரியை அடையாளம் காட்டினார். அதாவது க்மெலின் 1789-இல் வைத்த பெயர் எந்த விலங்கைச் சார்ந்ததோ அந்த விலங்கு. அது மேற்கு வடிவம். தெற்கு பிரான்சின் கொலோப்ரியேர் ஊரை அதன் மூல இடமாகக் கொண்டார்கள்.

விளைவைக் கவனியுங்கள். 'ஹெர்மன்னி ஹெர்மன்னி' என்ற பெயர் ஒரே நாளில் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போய்விட்டது. ராபர்ட்மெர்டென்ஸி அதன் ஒத்தபெயராகி, அதாவது அதே விலங்கின் உபரிப் பெயராகி, மறைந்தது. கிழக்கு வடிவத்துக்கு 1889-இல் மொய்சிசோவிச் வைத்திருந்த 'பெட்கெரி' திரும்பி வந்தது. ஓர் ஆமைகூட இடம் மாறவில்லை.

எனவே 1987-க்கு முந்தைய நூலில் 'ஹெர்மன்னி ஹெர்மன்னி' என்று கண்டால் அதை அப்படியே எடுத்து எழுதாதீர்கள், பெரும்பாலும் அது இன்றைய பெட்கெரி. அதற்குப் பின்வந்த நூல்களிலும் சில ஆண்டுகள் பழைய பழக்கம் தொடர்ந்திருக்கும் என்பதால் இடத்தைக் கொண்டு சரிபாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதி நூல்களில் இன்னும் மோசம். ஹெர்மன்னியைக் கிரேக்கா என்றும் கிரேக்காவை ஐபெரா என்றும் எழுதியிருப்பார்கள்.

பேரினத்திலும் ஆட்டம் உண்டு. 2006-இல் ஹெர்மன்னிக்கு 'யூரோடெஸ்டுடோ' என்று தனிப் பேரினம் முன்மொழிந்தார்கள். மெர்ரெம் 1820-லேயே வைத்த 'கெர்சினே' அதே இடத்துக்கு உரியது என்பதால், முதலில் வைத்த பெயரே செல்லும் என்ற முன்னுரிமை விதிப்படி புதுப் பெயர் நிற்கவில்லை. தனிப் பேரினமே வேண்டாம் என்று டெஸ்டுடோவிலேயே வைப்பவர்கள்தான் அதிகம். நீங்கள் தேர்ந்த பட்டியல் என்ன சொல்கிறதோ அதை எழுதுங்கள், மற்றதை ஒத்தபெயராகக் குறியுங்கள்.

8. பெயரிட்டவரும் அடைப்புக்குறியும்

அடைப்புக்குறி அலங்காரத்துக்காக வருவதில்லை. முதலில் பெயரிட்டபோது இருந்த பேரினத்திலேயே சிற்றினம் இன்றும் இருந்தால் குறி இல்லை. பேரினம் மாறியிருந்தால் பெயரிட்டவரும் ஆண்டும் குறிக்குள் போக வேண்டும்.

டெஸ்டுடோ கிரேக்கா லின்னேயஸ், 1758. இங்கே குறி வேண்டாம். எமிஸ் ஆர்பிகுலாரிஸ் (லின்னேயஸ், 1758). இங்கே வேண்டும், ஏனென்றால் லின்னேயஸ் அதை 'டெஸ்டுடோ ஆர்பிகுலாரிஸ்' என்றுதான் எழுதினார். அவர் தரை, குளம், கடல் என்று பாராமல் எல்லா ஆமைகளையும் டெஸ்டுடோ என்ற ஒரே கூடையில் போட்டவர். அதனால்தான் பழைய ஆமைப் பெயர்களில் இவ்வளவு அடைப்புக்குறிகள்.

பெட்கெரியில் பலர் தவறுவார்கள். மொய்சிசோவிச் அதை முதலில் கிரேக்காவின் வகையாக எழுதினார், இன்று ஹெர்மன்னியின் துணையினம். சிற்றினம் மாறியிருக்கிறதே, குறி போட வேண்டாமா? வேண்டாம். விதி பேரினத்தை மட்டும்தான் பார்க்கிறது. ஆனால் உங்கள் பட்டியல் கெர்சினே என்று சொன்னால் அங்கே குறி வந்தே தீரும்: கெர்சினே ஹெர்மன்னி (க்மெலின், 1789).

9. துணையினம் வரை போகலாமா?

ஓட்டின் அடிப்பக்கம் படத்தில் தெரியாவிட்டால் சிற்றினத்தோடு நிறுத்துங்கள். தெரிந்தால் ஹெர்மன்னியில் நடுக்கோட்டைப் பாருங்கள். முன்னாலிருந்து எண்ணினால் மூன்றாவது இணைத் தகடுகள் மார்புத் தகடுகள், ஐந்தாவது இணை தொடைத் தகடுகள். மார்புத் தகடுகள் சந்திக்கும் கோடு தொடைக் கோட்டைவிடக் குட்டையாக இருந்தால் மேற்கு வடிவம், நீளமாகவோ சமமாகவோ இருந்தால் பெட்கெரி. மேற்கு வடிவத்தில் அடியோட்டின் கறுப்பு இரண்டு தொடர்பட்டைகளாக ஓடும், பெட்கெரியில் திட்டுத் திட்டாக உடைந்திருக்கும். தனித்தனி ஆமைகளில் இவை மாறுபடும், எனவே இடமும் ஒத்துப்போனால் மட்டும் எழுதுங்கள்.

எமிஸ் ஆர்பிகுலாரிசின் துணையினங்களில் கை வைக்காமல் இருப்பது என் வழக்கம். ஒரு காலத்தில் பத்துக்கும் மேல் பிரித்தார்கள், பிறகு பலவற்றை ஒன்றாக்கினார்கள். படக்குறிப்புக்குச் சிற்றினம் போதும்.

10. தமிழ் எழுத்தில் கொண்டுவருதல்

இலத்தீன் எழுத்தில் பேரினம் பெரிய எழுத்தில் தொடங்கும், சிற்றினச் சொல் சிறிய எழுத்தில். தமிழில் அந்த வேறுபாடு இல்லை. அதனால் சிற்றினச் சொல்லைத் தனியே விடாதீர்கள். 'ஹெர்மன்னி' என்று மட்டும் இருந்தால் வாசகருக்கு அது ஆளா, ஆமையா என்று தெரியாது. முதல் முறையாவது இரண்டு சொல்லும் சேர்ந்து வர வேண்டும்.

சொல்லின் ஈற்றில் கவனம். ஹார்ஸ்ஃபீல்டு ஆமையின் மூலப் பெயரில் ஈற்றில் 'ஐ' (i) என்ற இலத்தீன் எழுத்து இரண்டு முறை வரும், பல பழைய நூல்களில் ஒன்றுதான் இருக்கும். தமிழில் எழுதும்போது இந்த வேறுபாடு கரைந்துவிடும். ஆகவே உங்கள் பணிக்கோப்பில் இலத்தீன் வடிவத்தையும் எழுத்துக்கு எழுத்து வைத்திருங்கள். பின்னால் யாராவது தேட வேண்டியிருந்தால் அதை வைத்துத்தான் தேட முடியும்.

தமிழ்ப் பொதுப்பெயர் வைக்கும்போது கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பெயரிடுங்கள். கிரேக்காவுக்கு நான் 'முள்தொடை ஆமை' என்று எழுதுகிறேன். 'கிரேக்க ஆமை' என்ற பெயரை இரண்டில் எதற்கும் பயன்படுத்துவதில்லை. ஏற்கெனவே இரண்டு மொழிகளில் அது செய்த குழப்பம் போதும்.

11. பதிவு முடிவில் எப்படி இருக்க வேண்டும்

அந்தப் பெண் கொண்டுவந்த படத்தின் பதிவு கடைசியில் இப்படி அமைந்தது:

தமிழ்ப் பெயர்: ஹெர்மன் ஆமை
அறிவியல் பெயர்: டெஸ்டுடோ ஹெர்மன்னி பெட்கெரி மொய்சிசோவிச், 1889
குடும்பம்: டெஸ்டுடினிடே
இடம்: வடக்கு கிரீஸ்
அடையாளச் சான்று: வால் நுனியில் கொம்பு உண்டு, தொடையில் முள் இல்லை, துணையினம் இடத்தையும் அடியோட்டையும் கொண்டு
மூலத்தில் உள்ள பெயர்: ஜெர்மனில் 'கிரேக்கத் தரை ஆமை'
பின்பற்றிய பட்டியல்: 2021 பதிப்பு

'அடையாளச் சான்று' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். நாளை பட்டியல் மாறிப் பெயர் மாறினாலும், இந்த வரி இருந்தால் படத்தை மறுபடி தேடிப் பிடிக்காமல் பெயரை மட்டும் திருத்திக்கொள்ளலாம். முதல் வரைவில் அவர் அதை நிரப்பாமல் அனுப்பியிருந்தார், அதற்காக ஒருமுறை திருப்பி அனுப்பினேன்.